கழுகைக் கோழி கொத்திய டாலர்

வின்னமுக்காவில் நெல்டா ஒர்மாச்சியாவைத் தெரியாதவர்கள் குறைவு. பழைய வெள்ளி டாலரை விரலில் எடுத்த மாத்திரத்தில் அது எந்த நாணயச்சாலையில் அடித்தது, என்ன விலை பெறும் என்று சொல்லிவிடுவாள் என்பது ஒரு காரணம். அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி அமெரிக்காவின் நெவாடா மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள் என்பது இன்னொரு காரணம்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அப்பா, ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள பாஸ்க் நாட்டிலிருந்து கப்பலேறி வந்து, மலையில் ஆட்டு மந்தையோடு ஆறு ஆறு மாதம் தனியாகக் கிடந்தவர். தம்பி கிராசியன், ரயிலடிப் பக்கம் இடையர்கள் தங்கும் விடுதி நடத்துகிறவன். குடித்துவிட்டுக் கை ஓங்குகிறவனைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு வருவான். நெல்டா மட்டும் காற்றில் கதவு அடித்தாலே எழுந்து நிற்பாள்.

இருபத்திரண்டு வயதில் சூதாட்ட விடுதி ஒன்றின் காசு எண்ணும் அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் காலத்தில் அங்கே காகித நோட்டைவிட வெள்ளி டாலர்தான் அதிகம் புழங்கும். வாளி வாளியாகக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். யாராவது திருட்டுப் பழி போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் நெல்டா இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே இறக்கவே மாட்டாள். மூக்கு அரித்தால்கூட மேற்பார்வையாளரைப் பார்த்துவிட்டுத்தான் சொறிவாள். நல்ல காசு ஒன்று கண்ணில் பட்டால் அவரைக் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே தன் சம்பளத்திலிருந்து ஒரு டாலர் நோட்டை வைத்துவிட்டு எடுத்துக்கொள்வாள். அதற்கு அனுமதி இருந்தது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடம் சேர்த்ததுதான் பின்னால் அவள் வைத்த பழைய காசுக் கடைக்கு முதல்.

வெள்ளி டாலர் புழக்கத்திலிருந்து மறைந்த பிறகு, துணி வெளுக்கும் இயந்திரக் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தாள். ஒரு தராசு, ஒரு லென்ஸ், ஒரு இரும்புப் பெட்டி. கணவர் மார்ட்டின் சுரங்க லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நுரையீரல் கெட்டு நாற்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. அவளுக்குக் காசுதான் துணை. ஆனால் எந்தக் காசையும் அவள் நம்பியதில்லை. ஒட்டவைத்த எழுத்தாக இருக்குமோ, வார்ப்பில் ஊற்றிய போலியோ, அமிலத்தில் முக்கி எடுத்ததோ என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மற்ற வியாபாரிகள் ஏமாந்த காசுகளில் அவள் ஏமாறாததற்கு அறிவைவிடப் பயம்தான் காரணம் என்று அவளே சொல்வாள்.

1980 ஜனவரியில் வெள்ளிக்குப் பைத்தியம் பிடித்தது. காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. மொத்தமே ஒரு டாலர் மதிப்புள்ள காசை உருக்கினாலே முப்பது டாலருக்கு மேல் கிடைத்தது. கல்யாணக் கரண்டிகள், தேநீர்க் குவளைகள், அம்மாவின் சீப்பு என்று ஊரே தூக்கிக்கொண்டு வந்தது. கூடவே திருட்டும் வந்தது. எல்கோவில் ஒரு வீட்டைப் பட்டப்பகலில் துடைத்துவிட்டுப் போனார்கள். ரீனோவில் ஒரு காசு வியாபாரியைக் கட்டிப்போட்டு அடித்திருந்தார்கள்.

நெல்டா சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டாள். கடை எதிரே ஒருவன் முக்கால் மணி நேரமாக நிற்கிறான் என்று ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் செய்தாள். வந்து பார்த்தால் அவன் பக்கத்துக் கடையில் போட்ட துணி உலருவதற்காகக் காத்திருக்கிறான். அடுத்த வாரம் இன்னொரு போன். அவன் பைபிள் விற்க வந்தவன்.

கிராசியனுக்குச் சிரித்து மாளவில்லை. "அக்கா, அடுத்தது யாரு? பாதிரியாரைப் பிடிச்சுக் குடுத்துடு. கையில வெள்ளிக் கிண்ணம் வச்சிருக்காரு."

"நீ சிரி. என்னை ஒருநாள் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போவான், அப்பவும் சிரி."

"உன்னைத் தூக்கிட்டுப் போறவன் மறுநாளே கொண்டுவந்து விட்டுடுவான்."

இது நடந்து நான்கு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை பத்து மணிவாக்கில், டேல் விக்கர் கடைக்குள் வந்தான். அப்போது அவளுக்கு அவன் பெயர் தெரியாது. முப்பத்தைந்து வயது இருக்கும். ஆட்டுத்தோல் காலர் வைத்த கோட்டு. பூட்ஸில் இருந்த பனியை வாசலிலேயே தட்டிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். அவ்வளவு மரியாதையானவன்.

"காலை வணக்கம் மேடம். எங்க மாமா வச்சுட்டுப் போன காசு. எடைக்குப் போட்டாப் போதும்."

சுருட்டுப் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்துத் திறந்தான். அறுபது வெள்ளி டாலர் இருக்கும். எல்லாமே பளபளவென்று புதிதாக மின்னின. தொண்ணூறு வருடமாகப் படிந்த சாம்பல் நிறத்தை யாரோ சமையல் சோடா போட்டுத் தேய்த்து எடுத்திருந்தார்கள். சேகரிக்கிறவன் பார்த்தால் அழுவான். தேய்த்த காசு பாதி விலைக்குக்கூடப் போகாது.

"தேய்ச்சிட்டீங்களா?"

"அழுக்கா இருந்துச்சு மேடம். சுத்தமா இருந்தா நல்ல விலை கிடைக்கும்னு."

அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்தாள். பதினேழாவதோ பதினெட்டாவதோ காசைத் திருப்பியபோது கை நின்றுவிட்டது.

1893. பின்பக்கம், கழுகின் வாலுக்குக் கீழே S என்ற சின்ன எழுத்து. சான் பிரான்சிஸ்கோவில் அந்த வருடம் அடித்த டாலர். இந்த வரிசையிலேயே அதைவிடக் குறைவாகப் புழக்கத்துக்கு வந்த காசு இல்லை. வின்னமுக்காவில் அப்படி ஒன்றைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். அதை விற்றவளும் அவள்தான். கழுகின் கழுத்துக்கும் இறக்கைக்கும் நடுவே இரண்டு கீறல்கள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. தேய்த்ததில் அவை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

வாங்கியவர் ஓரின் ஹாஸ்கல். ரயில்வேயில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வழியனுப்பு விழாவில் கொடுத்த தங்கக் கடிகாரத்தை விற்றுவிட்டு, மேலே கையிலிருந்தும் போட்டு அந்த ஒரு காசை வாங்கினார். "மணி பார்த்துப் பார்த்துத்தான் நாற்பது வருஷம் போச்சு. இனிமே எனக்கெதுக்குக் கடிகாரம்?" என்றார். அந்தக் கீறலைக் காட்டி விலை குறைக்கச் சொன்னதும் அவர்தான். "பாரு நெல்டா, கழுகைக் கோழி கொத்திருச்சு. ஒரு அஞ்சு டாலராவது குறை." கிழக்கே பதினாறு மைலில், கோல்கொண்டாவில், வெந்நீர் ஊற்றுக்கு அப்பால் சக்கரம் வைத்த தகர வீடு ஒன்றில் தனியாக இருக்கிறார். உயிரோடு இருக்கும்வரை அந்தக் காசை விற்கமாட்டார். தேய்க்க விடவும் மாட்டார்.

நெல்டா காசை லென்ஸுக்குக் கீழே கொண்டுபோனாள். எழுத்துகளின் இடுக்கில் வெள்ளை மாவு. நகத்தால் தொட்டாள். இன்னும் ஈரமாக இருந்தது.

அப்படியானால் நேற்று இரவோ இன்று காலையோதான் தேய்த்திருக்கிறான். ஓரின் எங்கே?

"என்ன மேடம், ரொம்ப நேரமா அதையே பாக்குறீங்க?"

"கண்ணு சரியில்ல" என்றாள். குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அந்தக் காசை மற்ற காசுகளோடு, மற்றவற்றைப் போலவே, குவியலில் போட்டாள். விலை உயர்ந்தது என்று தெரிந்தால் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அடையாளம் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வான் என்பதை அவள் நினைக்க விரும்பவில்லை. கடையில் வேறு யாரும் இல்லை. கதவு அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

போன் மேசைமேல்தான் இருந்தது. அந்த நாட்களில் எந்த வியாபாரியும் காசை எடை போட்டதும் போனை எடுப்பான், அந்த நேரத்து வெள்ளி விலையைக் கேட்பான். அது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"விலை கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, ஓரினின் எண்ணைச் சுழற்றினாள்.

மணி அடித்தது. பத்துத் தடவை எண்ணினாள். பதினைந்து. அந்தச் சக்கர வீட்டில் எந்த மூலையிலிருந்தும் போனுக்கு ஆறு அடிதான். இருபது.

"எடுக்க மாட்டேங்குறாங்களா?"

"எல்லாரும் ஒரே நேரத்துல கேக்குறாங்க போல. வேற இடத்துல கேக்குறேன்."

இரண்டாவது தடவை கிராசியனின் விடுதிக்குப் போட்டாள். அவன் எடுத்ததும் பாஸ்க் மொழியில், விலை கேட்கிற குரலில், மெதுவாகப் பேசினாள். ஊர்ப் பெயரையோ ஆள் பெயரையோ சொன்னால் எதிரே இருப்பவனுக்குப் புரிந்துவிடும். "வெந்நீர் ஊற்றுப் பக்கம் இருக்கிற கிழவர். கடிகாரத்தை விற்றவர். அவர் வீட்டுக்குப் போ. இப்பவே போ."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா அக்கா?" என்றான் கிராசியன். பின்னால் தட்டுகள் உருளும் சத்தம். "மதியச் சாப்பாட்டுக்கு நாற்பது பேர் வர்றாங்க. ஆட்டுக்கறி அடுப்புல கிடக்கு. எவன் இன்னிக்கு? பைபிள்காரனா?"

அவளால் கத்த முடியவில்லை. அழ முடியவில்லை. "அவருடைய பொருள் என் முன்னால் இருக்கிறது. கொண்டுவந்தவனும் இருக்கிறான்" என்றாள் அதே குரலில்.

அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் நின்றது. போனை வைத்துவிட்டான். நம்பினானா, சலித்துக்கொண்டு வைத்தானா, அவளுக்குத் தெரியவில்லை.

விக்கர் மேசையில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தான். "பாஸ்க்கா அது? நானும் ஒரு வருஷம் ஆட்டுப் பண்ணையில இருந்திருக்கேன். வா, போ, தின்னு, இப்படி நாலு வார்த்தை தெரியும்." சிரித்தான். "யாரையோ 'போ, போ'ன்னீங்களே?"

நெல்டா போனைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"வெள்ளி விலை இன்னும் எங்க போகும்னு கேட்டேன். மேலதான் போகும்கிறாரு."

"அப்ப நான் இன்னும் ரெண்டு நாள் பொறுக்கலாமா?"

"பொறுக்கலாம். விழுந்தாலும் விழும். எனக்கு இதெல்லாம் பயம் சார். நான் இன்னிக்கு விலைக்கு இன்னிக்கே முடிச்சிடுவேன்."

அவன் அவளுடைய கையைப் பார்த்தான். தராசுக்குப் பக்கத்தில் விரல்கள் வெளிப்படையாக நடுங்கிக்கொண்டிருந்தன. மேசைக்குக் கீழே மறைக்கலாமென்று தோன்றியது. ஆனால் முப்பது வருடப் பழக்கம். கை கீழே போக மறுத்தது.

"கை ஏன் இப்படி ஆடுது?"

"எப்பவும் ஆடும். ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கடைக்குள்ள வர்ற எல்லாரையும் நான் திருடன்னுதான் நினைப்பேன்."

ஒரு கணம் அவன் முகம் அப்படியே இருந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "கேள்விப்பட்டிருக்கேன்! பைபிள் விக்கிறவனைப் பிடிச்சுக் குடுத்தது நீங்கதானே? கேஸ் வண்டியில போற இடமெல்லாம் இதே பேச்சுதான்."

கேஸ் வண்டி. தனித்தனியாகக் கிடக்கும் வீடுகளுக்குச் சமையல் வாயுத் தொட்டி நிரப்புகிறவன். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவன் அவன்தான். ஊர் சிரித்துச் சிரித்துப் பரப்பிய அவளுடைய பயம், அந்தக் காலையில் அவளுக்கு முகமூடியாக நின்றது. உண்மையான நடுக்கத்தை அவன் வழக்கமான நடுக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

ரொக்கம் காலையிலேயே தீர்ந்துவிட்டது என்றாள். காசோலைதான், வங்கி எதிர்த் தெருவிலேயே இருக்கிறது, ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துப் பெயர் எழுத வேண்டும். அவன் தாடையைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். பணத்தின் அளவு அவனை ஜெயித்தது. உரிமத்தை எடுத்துப் போட்டான். நெல்டா எழுதினாள். முதல் காசோலையில் எழுத்து கிறுக்கலாகிக் கிழித்துப் போட்டாள். இரண்டாவதை அவன் ஊதிக் காயவைத்து மடித்துக்கொண்டு, "பயப்படாம இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கதவைத் தாழிட்டாள். மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து போனை மடிக்கு இழுத்தாள். ஷெரிஃப் ஆபீசில் எடுத்தவர், "இன்னிக்கு யாரு மேடம்?" என்று ஆரம்பித்தார். அவள் விக்கரின் பெயரையும் உரிம எண்ணையும் காசையும் கீறலையும் சொல்லச் சொல்ல, அவர் குரலில் சிரிப்பு போய்விட்டது. வங்கியில் வெள்ளி விற்றவர்களின் வரிசை வாசல்வரை நின்றது. விக்கர் ஆறாவது ஆளாக நின்றுகொண்டிருந்தபோது ஷெரிஃபின் ஆட்கள் இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

ஆனால் நெல்டாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று ஆயிற்று. பதினொன்றே கால். கிராசியன் போகவேயில்லை, விடுதியில் சூப் ஊற்றிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாள். போயிருந்தால் என்ன பார்த்திருப்பான் என்று நினைத்தபோது, போகாமலிருந்தாலே நல்லது என்றும் தோன்றியது.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. எடுக்கக் கை வரவில்லை. நான்காவது மணிக்கு எடுத்தாள்.

கிராசியனுக்கு மூச்சு வாங்கியது. "இருக்காரு அக்கா. உயிர் இருக்கு."

நடந்தது பிறகு கோர்வையாகத் தெரியவந்தது. புதன்கிழமை மதியம் ஓரின் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். எழ முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் கேஸ் நிரப்ப விக்கர் வந்தான். ஓரின் தரையில் கிடந்தபடி கூப்பிட்டார். விக்கர் உள்ளே வந்தான், பார்த்தான். "ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன் தாத்தா, அசையாம கிடங்க" என்று சொல்லி, ஒரு தலையணையை எடுத்துத் தலைக்குக் கீழே வைத்தான். அப்படியே அலமாரியிலிருந்த சுருட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டான். போகும்போது தொட்டியின் குழாயைத் திருகி மூடிவிட்டுப் போனான். வீட்டைச் சூடாக்கும் கேஸ் அடுப்பு அணைந்தது. வெளியே குழாய்த் தண்ணீர் உறைந்து வெடிக்கிற குளிர். மறுநாள் காலை போன் இருபது தடவை அடித்ததை ஓரின் கேட்டார். போன் அவர் கைக்கு நான்கு அடி தள்ளியிருந்தது.

"அடிச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு பயமா இருந்திருக்காது" என்று நெல்டா தம்பியிடம் சொன்னாள். "தலைக்குத் தலையணை வச்சிருக்கான் பாரு."

கிராசியன் அதற்குச் சிரிக்கவில்லை.

அந்த வசந்தத்தில் வழக்கு நடந்தது. அதற்குள் வெள்ளி விலை தலைகுப்புற விழுந்திருந்தது. சாட்சி சொல்லப் போகமாட்டேன் என்று நெல்டா இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று காலை வாந்தி எடுத்தாள். கிராசியன் காரை நீதிமன்ற வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவள் இறங்கினாள்.

விக்கரின் வக்கீல் கெட்டிக்காரர். "அந்த வருஷம் ஒரு லட்சம் காசு அடிச்சிருக்காங்க, மேடம். இது மிஸ்டர் ஹாஸ்கலோடதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். நீங்கள் இயல்பாகவே சந்தேகப் பிராணி இல்லையா என்றார். துணி உலரக் காத்திருந்தவனையும் பைபிள் விற்றவனையும் இழுத்தார். அறையில் சிரிப்பு எழுந்தது. விக்கர் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், கடையில் கையைப் பார்த்ததைப் போல.

நெல்டா காசைக் கேட்டு வாங்கினாள். "சந்தேகப் பிராணிதான் சார். அதனாலதான் நான் விக்கிற ஒவ்வொரு காசுலயும் இருக்குற குறையை எழுதி, வாங்குறவங்க கையெழுத்தை வாங்கி வச்சுக்குவேன். நாளைக்கு ஏமாத்திட்டேன்னு யாரும் வந்து நிக்கக் கூடாதுன்னு பயம்." கைப்பையிலிருந்து ஒரு பழுப்புத் தாளை எடுத்தாள். 1971-இல் எழுதியது. கழுகின் கழுத்தருகே இரண்டு கீறல், ஒன்று நீளம், ஒன்று குட்டை. கீழே ஓரின் ஹாஸ்கலின் கையெழுத்து. அதன் பக்கத்தில் அவர் கேலிக்காகக் கிறுக்கிய ஒரு கோழிப் படம். தாளும் லென்ஸும் காசும் தீர்ப்புச் சொல்லும் ஊர்க்காரர்களான ஜூரியிடம் கைமாறிக் கைமாறிப் போயின. கடைசி வரிசையில் இருந்த பால்பண்ணைக்காரர் பார்த்துவிட்டு விக்கரைப் பார்த்த பார்வையிலேயே முடிவு தெரிந்துவிட்டது.

அந்த இரவுக் குளிரில் விறைத்து ஓரினுக்கு இடது காலில் மூன்று விரல்கள் போயின. கோடையில் கைத்தடியோடு கடைக்கு வந்து காசை மேசையில் வைத்தார்.

"இப்ப என்ன பெறும், உண்மையைச் சொல்லு."

நெல்டா லென்ஸை எடுக்கவேயில்லை. "பாதிகூட இல்ல ஓரின். தேய்ச்சுக் கெடுத்துட்டான்."

"நானும் பாதிக்குத்தான் தேறுவேன் இப்ப" என்று காலைக் காட்டினார். "விக்கிறதுக்குக் கேக்கலை. தெரிஞ்சுக்கக் கேட்டேன்."

நான்கு வருடம் கழித்து விக்கர் சிறையிலிருந்து வெளியே வந்தான். சேதி கிடைத்த அன்று நெல்டா கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் அடைந்தாள். ஒன்பது நாள் சாத்தியே கிடந்தது. பத்தாம் நாள் ஓரின் யாரிடமோ லிஃப்ட் கேட்டு வந்து, பூட்டிய கடை வாசலில் நின்றுகொண்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் அவளுக்குப் போன் செய்யச் சொன்னார். வந்து திறந்தாள். அவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைத்தடியைத் துப்பாக்கி மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். "நான் காவல்" என்றார். பதினைந்து நிமிடத்தில் குறட்டை விட்டார்.

இரண்டு குளிர்காலம் அப்படியே வந்துபோய்க்கொண்டிருந்தார். விக்கர் வரவில்லை. ஐடஹோவில் லாரி ஓட்டுகிறான் என்று தபால்காரர் சொன்னார். "ஐடஹோ என்ன தூரமா? மூணு மணி நேரம்" என்றாள் நெல்டா. ஓரின் போன பிறகும் கடையை நடத்தினாள், அறுபத்தாறு வயதுவரை. யாராவது பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினால் அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போகும். சத்தமாகக் கதவை அறைகிறவர்களுக்குக் கொஞ்சம் கூட்டியே விலை கொடுத்தாள்.